அறுபத்திரண்டு லட்சம் பைகள்

திரையின் அடியில் பச்சைக் கோடு முப்பத்தொரு சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது, நிற்பதாகத் தெரிவது தன் அவசரம்தான் என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும்; தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். பிரதி முழுசாக இறங்க இன்னும் நாற்பது நிமிடமாவது ஆகும். மாநிலத்து ரத்த வங்கிகள் வாங்கியது, கொடுத்தது, கெட்டுப்போனது என்று பதினோரு வருஷத்துப் பைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, மொத்தம் அறுபத்திரண்டு லட்சம் வரிசைகள், சோதனைக் கம்ப்யூட்டருக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தன. இறங்கி முடிந்ததும் அவள் எழுதி வைத்திருக்கும் ஏழு வரியை ஓட்டிப் பார்க்கலாம். ஏழே வரி. காலையிலிருந்து அதை இருபது தடவையாவது படித்திருப்பாள், ஒவ்வொரு தடவையும் வயிற்றுக்குள் ஏதோ துள்ளியது, மாடிப்படியில் இல்லாத கடைசிப் படியில் கால் வைத்ததுபோல. மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். முப்பத்திரண்டு. ஐந்தாம் மாடி ஏ.சி. எப்போதும்போல் விறைக்க விறைக்க அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் இன்று அவளுக்குக் காது மடல் சுட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது, சொன்னால் புரிகிற ஒரே ஆள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரிவுத் தலைவர் ஹபீபுல்லா சார், அவரிடம் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. ஓட்டிப் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஓட்டிய பிறகும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை நினைக்காமல் பச்சைக் கோட்டைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். தினமும் காலை ஒன்பதரைக்கு ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒரு கட்டளை ஓடும். ஒவ்வொரு பையாக எடுத்து, கொடுத்த சீட்டு இருந்தால் ‘கொடுத்தாயிற்று’, தேதி தாண்டியிருந்தால் ‘காலாவதி’, இரண்டும் இல்லையென்றால் ‘இருக்கிறது’ என்று அதன் நிலையைப் புதுப்பிக்கும். அது ஓடி முடிய மூன்று மணி நேரம். முடிகிறவரை, எந்த வங்கியில் என்ன ரத்தம் இருக்கிறது என்று பொதுமக்கள் பார்க்கும் வலைத்தளம் பழைய நிலையையே காட்டிக்கொண்டிருக்கும், வங்கிகளில் யாரும் புதிதாக எதையும் பதிய முடியாது, அங்கே பதிகிற பெண்கள் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நாலு மாதமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். வரிசைகளைச் சீக்கிரம் தேடியெடுக்க உதவும் அட்டவணையாகப் புதுசாக மூன்று இன்டெக்ஸ் போட்டாள், வேகம் கூடும் என்று பார்த்தால் இருபது நிமிடம் கூடுதலாக எடுத்தது, ஒவ்வொரு வரிசையை எழுதும்போதும் இன்டெக்ஸையும் சேர்த்து எழுத வேண்டுமே, அது தெரியாத பிள்ளையா அவள், ஆனாலும் போட்டாள். மெமரி கூட்டிக் கேட்டாள், கொடுத்தார்கள், ஐந்து நிமிடம் குறைந்தது. நேற்று சாயங்காலம் கிளம்பும்போது, என்னதான் செய்கிறது இது என்று எரிச்சலில், பழைய கட்டளையைச் சோதனைக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு பிரதியில் ஓடவிட்டு, அதன் ஒவ்வொரு அடியையும் கணக்கெடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். காலையில் வந்து அறிக்கையைத் திறந்தாள். எழுதப்பட்ட வரிசைகள், அறுபத்திரண்டு லட்சத்துச் சொச்சம். சரி. அப்புறம், ஏன் தோன்றியதென்று தெரியவில்லை, பையை மேஜைமேல் வைக்கக்கூட இல்லை, தோளில் தொங்கத் தொங்க நின்றுகொண்டே, ஓட்டுவதற்கு முன்னால் இருந்ததையும் பின்னால் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். நிலை மாறியவை, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. அவ்வளவுதான். மீதிப் பைகளில் ஏற்கெனவே ‘காலாவதி’ என்று இருந்ததன்மேல் ‘காலாவதி’ என்றும், ‘கொடுத்தாயிற்று’ என்று இருந்ததன்மேல் ‘கொடுத்தாயிற்று’ என்றும், நாளுக்கு இரண்டு தடவை, வருஷக்கணக்காக. எட்டு வருஷத்துக்கு முன்னால் யாருடைய உடம்பிலோ ஏறிக் கலந்துவிட்ட ரத்தத்தை இன்று காலையும் எடுத்து இது கொடுத்தாயிற்று என்று எழுதி வைத்திருக்கிறது. தோளிலிருந்து பை தானாக நழுவி விழுந்தது, சாப்பாட்டு டப்பா திறந்து எலுமிச்சை சாதம் கொஞ்சம் தரையில் கொட்டியது. கொட்டட்டும். முடிந்துபோன பையைத் தொடாதே. மீதியிலும் நிலை மாறினால் மட்டும் எழுது. இதுதான் அந்த ஏழு வரி.

நாற்பத்தைந்து. தண்ணீர் குடித்தாள். சொல்ல வேண்டிய அந்த இன்னொன்று எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தது. அந்தப் பழைய கட்டளையை எழுதியவள் அவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், முப்பது வயதில், இந்தப் பதிவகம் தரைத்தளத்தில் ஒரே அறையாக இருந்த காலத்தில். அன்றைக்கு மொத்தமே ஒன்பதாயிரம் பை. எல்லாவற்றையும் எடுத்து எல்லாவற்றையும் எழுது, எதையும் விட்டுவிட வழியே இல்லை, எவ்வளவு பத்திரம் என்று பெருமையாக இருந்தது. இரண்டு விநாடியில் ஓடியது. ஹபீபுல்லா சாருக்கு அப்போது தலையெல்லாம் கறுப்பு, “இன்னொரு தரம் ஓட்டும்மா, நான் கண்ண சிமிட்டிட்டேன்” என்றார், எல்லாரும் சிரித்தார்கள், லட்டு வாங்கி வந்தார்கள். அந்த இரண்டு விநாடி அவள் மனசில் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் நாலு மாதமாக மெஷினைச் சந்தேகப்பட்டாள், நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டாள், வங்கிகளில் பதிகிறவர்களைக்கூடச் சந்தேகப்பட்டாள், தான் எழுதியதை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒன்பதாயிரம் ஒரு லட்சமானபோது ஒரு நிமிடம், பத்து லட்சமானபோது ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், இருபது லட்சத்தில் சாப்பிட்டுவிட்டு வரலாம், இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக அது நீண்டது, யாருக்கும் ஒரு குறிப்பிட்ட நாளில் அது தப்பாகப் படவில்லை. அவளுக்கே படவில்லை. சார், இது நான் எழுதினது. எப்படித் தொடங்குவது. சார், ஒரு நல்ல செய்தி ஒரு கெட்ட செய்தி. இல்லை, அது சினிமாத்தனமாக இருக்கும். ஐம்பத்திரண்டு.

ரொம்ப நாள் பை என்றால் அவளுக்கு வெறும் எண்தான். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், தன் விரலில் ஊசி குத்தினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அப்படிப்பட்டவள் பதினோரு வருஷமாக ரத்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதை வீட்டில் கணவன் கதிரேசன் எப்போதும் கேலி செய்வான். ஒரு தடவை ஊழியர்களை எல்லாம் ஒரு ரத்த வங்கிக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஒரு பெண் பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்து, பிடிங்க மேடம் ஒண்ணும் ஆகாது என்று கையில் கொடுத்தாள். அரை லிட்டர் பால் பாக்கெட்டின் கனம். சில்லென்று. உள்ளே மெதுவாக அசைந்தது. சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள், ஆனால் அந்தக் குளிர் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை, இப்போதும், திரையில் ஒரு வரிசையைப் பார்த்தால் சில நேரம் உள்ளங்கை குளிரும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருவர் கூப்பிட்டபோதும் குளிர்ந்தது. வலைத்தளத்தில் யாரோ அவள் மேஜை எண்ணை உதவி எண் என்று போட்டுவிட்டார்கள். மதியம் மூன்றரை மணி. “மேடம், ரெண்டு பை இருக்குன்னு உங்க ஸ்க்ரீன்ல போட்டிருக்குங்க. அத நம்பித்தான் அறுவது கிலோமீட்டர் வந்திருக்கன். இங்க இல்லைங்கறாங்க. எதங்க நம்பறது?” தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. மனைவிக்குப் பிரசவம், ஓ நெகட்டிவ். பேர் முனிரத்தினம். “கொஞ்சம் பொறுங்க, அப்டேட் ஓடிட்டிருக்கு” என்று இவள் சொன்னாள். “எதுங்க ஓடுது?” என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்வதற்குள் கட்டாகிவிட்டது. எதுங்க ஓடுது. பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, தூக்கம் கலைந்து திரும்பிப் படுக்கும்போது, எதுங்க ஓடுது. அவர் எண்ணைத் தன் செல்போனில் ‘தர்மபுரி’ என்று சேமித்து வைத்திருக்கிறாள். தினமும் பார்ப்பாள், கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் ஒன்று தெரிந்துவிடும். தெரியாதவரைக்கும் அந்தப் பெண் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள்.

எழுபத்தெட்டு. இன்று என்ன வந்தது என்று தெரியவில்லை, அந்தத் துள்ளல்தான் காரணமாக இருக்க வேண்டும், காலையிலிருந்து உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் அது கையையும் தன் இஷ்டத்துக்கு ஓட்டியது. செல்போனை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள், பெயரைத் தொட்டாள், அடித்தது, வைத்துவிடலாமா என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டார். “யாருங்க?” பின்னால் ஏதோ இன்ஜின் சத்தம். “நான் ரத்த வங்கிப் பதிவகத்துலேருந்து பேசறேங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி நீங்க கூப்பிட்டிருந்தீங்க. ஸ்க்ரீன்ல ரெண்டு பை இருக்குன்னு…” “இருங்க, வண்டிய ஓரங்கட்டறன்.” இன்ஜின் நின்றது. “ஆமாங்க. சொல்லுங்க.” “அப்புறம் கெடச்சுதாங்க?” “கெடச்சுது. சேலத்துல ஒருத்தரு குடுத்தாரு, பஸ் கண்டக்டரு. நாலு மணி நேரம் ஆச்சுங்க. அந்த நாலு மணி நேரம் எனக்குத்தான் தெரியும்.” “அவங்க இப்ப…” “இருக்கறா. எழுந்து நடக்க இன்னம் தெம்பு வரல. கொழந்த நல்லாருக்குது, பொம்பளப் புள்ள.” அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், கீழே சாலையில் ஒரு பஸ் திரும்பியது, சிவப்பா பச்சையா என்றுகூட அவள் கண்ணுக்குப் படவில்லை. “எதுக்குங்க இப்பக் கேக்கறீங்க?” என்றார் அவர். “தப்பு எங்க பக்கம்தாங்க. அத எழுதினது நான்தான். இன்னிக்குச் சரி பண்றேன்.” “இன்னிக்குத்தானா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள், அவர் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். “சரி, பண்ணுங்க. இன்னொருத்தன் அப்பிடி அலையக் கூடாது. எங்கூட ஆளு காத்துட்டிருக்காங்க, வெச்சிடறன்.” நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். இருக்கறா. மூன்று வாரமாகத் தெரியாமலே வைத்திருந்ததை ஒரு நிமிடத்தில் கேட்டாயிற்று. ஏன் முன்பே கேட்கவில்லை. இருக்கறா, இருக்கறா என்று பச்சைக் கோடு தொண்ணூறைத் தாண்டியது.

நூறு. விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். இறங்கியிருந்தது நேற்றுப் பழையது ஓடுவதற்கு முன்னால் இருந்த அதே நிலை; பழையது ஓடியபோது எந்தத் தேதியோ அதே நேற்றைய தேதியைக் கொடுத்தாள், ஏழு வரியை ஒட்டினாள், எண்டரைத் தட்டினாள். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கி, ஐந்தில் எண்ணிக்கை தப்பி, மூன்று மணி நேரம் மூன்று மணி நேரம் என்றே ஓடி, லட்டின் கிராம்பு வாசனை எங்கிருந்தோ வந்து, இன்றைக்கு ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போது பூ வாங்க வேண்டும் என்று சம்பந்தமில்லாமல் தோன்றி, முடிந்துவிட்டது. பதினான்கு விநாடி. அப்படித்தான் எழுதியிருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், கத்த வேண்டும்போல் இருந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கீழ் வரியைப் படித்தாள். மாறியவை, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்துமூன்று. நாற்பத்தாறு அல்லவா இருக்க வேண்டும். மறுபடி படித்தாள். நாற்பத்துமூன்று. மூன்று பை குறைகிறது. பொத்திய கை அப்படியே கன்னத்துக்கு இறங்கியது. மூன்றுதானே என்று உள்ளே ஒரு குரல், அறுபத்திரண்டு லட்சத்தில் மூன்று. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பது பயமாக இருந்தது. அறுபது கிலோமீட்டர் வந்தவரை அலையவிட ஒரு பை தப்பினாலே போதும். வேகமாக ஓடுவது என்றால் வேகமாகப் பொய் சொல்வது என்று ஆகிவிடக் கூடாது. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது வேறுபடுகிறது என்று தேடினாள், இரண்டு தடவை தப்பாகத் தட்டி, மூன்று வரிசைகள் வந்தன. மூன்றிலும் நிலை இருக்க வேண்டிய கட்டம் காலி. யாரோ அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போன பதிவு. அப்போதுதான் பிடிபட்டது. முடிந்துபோன பையைத் தொடாதே என்று எழுதியிருக்கிறாள்; காலியாக இருக்கும் பை முடிந்துபோனதா இல்லையா என்று கேட்டால் மனுஷருக்குப் பதில் தெரியும், இல்லை என்பார்கள். டேட்டாபேஸ் அப்படிச் சொல்லாது. தெரியாது என்று சொல்லும். தெரியாததை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அந்த மூன்றில் இரண்டு காலாவதி. ஒன்று நல்ல பை. பி நெகட்டிவ். எங்கேயோ ஒரு பெட்டிக்குள் சில்லென்று இருக்கிறது, அவளுடைய அழகான ஏழு வரி அதை மாநிலத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்திருக்கும். பழைய கட்டளை, மூன்று மணி நேரம் இழுத்தடித்தாலும், அதை விட்டுவிடவில்லை. முப்பது வயதில் எழுதிய தன்மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்தது. எட்டாவது வரியாக எழுதினாள், அல்லது கட்டம் காலியாக இருந்தால். பிரதியை முந்தைய நிலைக்குத் திருப்பி, இன்னொரு முக்கால் மணி நேரம் பச்சைக் கோட்டைப் பார்த்து, கீழே கொட்டாமல் மிஞ்சிய சாதத்தை ருசி தெரியாமல் தின்று, மறுபடி ஓட்டினாள். பதினான்கு விநாடி. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. இரண்டு பிரதிக்கும் வித்தியாசம், பூஜ்யம். இன்னொரு தடவை ஒப்பிட்டாள். பூஜ்யம்.

ஹபீபுல்லா சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஏதோ கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார். வரும் வழியில் தயார்செய்த வாக்கியம் எல்லாம் வாசற்படியிலேயே போய்விட்டது. “சார், அந்த மூணு மணி நேரத்து அப்டேட் இப்ப பதினாலு செகண்ட்ல முடியுது. அவ்வளவு நாள் இழுத்ததுக்குக் காரணம் நான் எழுதினதுதான் சார். எல்லாப் பையையும் திரும்பத் திரும்ப எழுதிட்டிருந்தேன்.” ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றாள். அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையின் நீளத்துக்குள் வேலை போய்விட்டது, விசாரணை வந்துவிட்டது, கதிரேசனிடம் என்ன சொல்வது என்று யோசித்தாகிவிட்டது. “ரிசல்ட் ஒத்துப்போகுதா?” என்றார். “ஒத்துப்போகுது சார். முதல்ல மூணு பை விட்டுப்போச்சு, கண்டுபிடிச்சுட்டேன்.” “மூணு விட்டுப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?” சொன்னாள். காலிக் கட்டத்தைச் சொன்னாள், பி நெகட்டிவைச் சொன்னாள், சொல்லச் சொல்லக் குரல் தானாக வேகமெடுத்தது, மேஜையில் இருந்த அவருடைய பேனாவை எடுத்து அவருடைய கோப்பின் பின்னட்டையிலேயே படம் போட்டுக் காட்டினாள். அவர் தடுக்கவில்லை. “அந்த முதல் கட்டளைக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டது நான்ம்மா” என்றார். “நானும் பதினோரு வருஷமா அதத் திறந்து பாக்கல.” கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு மணிக்கு இதையே ஓட்டுங்க. நான் வந்து உக்காந்துக்கறேன்.”

இரண்டு மணிக்கு அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சோதனை வேறு, இது நிஜம்; இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் பெட்டிகள் இருக்கின்றன, பெட்டிகளுக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். உள்ளங்கை குளிர்ந்தது. தட்டினாள். பத்தொன்பது விநாடி. “அவ்வளவுதானா?” என்றார் ஹபீபுல்லா சார். “அவ்வளவுதான் சார்.” பார்க்க ஒன்றுமே இல்லை, அதுதான் வேடிக்கை, வெடியும் இல்லை வெளிச்சமும் இல்லை, அறையில் யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை, அவளுக்கோ நாற்காலியில் உட்கார முடியவில்லை. வங்கிகளிலிருந்து பதிவுகள் வந்து விழும் பட்டியலைத் திறந்தாள். இரண்டிலிருந்து ஐந்துவரை அந்தப் பட்டியல் எப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கும். இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு ஒரு வரி விழுந்தது. மன்னார்குடி, ஏ பாசிட்டிவ், புதுப் பை. யாரோ ஒரு பெண், இந்த நேரத்தில் பதியாது என்று தெரிந்தும் தட்டிப் பார்த்திருக்கிறாள். இரண்டு ஐந்துக்கு நாகர்கோவில். அப்புறம் இரண்டு மூன்றாக விழத் தொடங்கின, துண்டுக் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, திருப்பத்தூர், ஆரணி, கோவில்பட்டி, அவர் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். “இதப் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட்டலாமா?” என்று கேட்டார். “அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைகூட ஓட்டலாம் சார்.” “ஓட்டுங்க.” ஓட்டினாள். இருபது விநாடி. பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தைத் திறந்து கண்ணை ஓட்டினாள். பட்டுக்கோட்டையில் ஓ நெகட்டிவ் ஒன்று என்று இருந்தது பூஜ்யமாக மாறியிருந்தது. எப்போது கொடுத்தார்கள் என்று பார்த்தாள். இரண்டு ஒன்பது. இப்போது மணி இரண்டு பதின்மூன்று. நாலு நிமிடத்துக்கு முன்னால் அந்தப் பை பெட்டியிலிருந்து யாருக்கோ போயிருக்கிறது. இல்லை என்று சொல்லியது திரை. இல்லைதான். “சார், பட்டுக்கோட்டையில இல்ல” என்றாள், சிரித்துக்கொண்டே சொன்னாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, அவரும் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பக்கத்துல எங்க இருக்குன்னு பாருங்க” என்றார். தஞ்சாவூரில் இரண்டு இருந்தது.